முந்திரித் தோட்டு எண்ணெயும் புதிய பாதுகாப்புத் தொகுப்பும்

தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு, நாடாளுமன்றத்தில் நிறைவேறி ஐந்தாண்டுகள் கழித்து 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் உட்பட 13 சட்டங்கள் அதற்குள் அடங்கின. அமலான நாளில் தமிழ்நாட்டின் விதிகள் இறுதியாகியிருக்கவில்லை. முரண்படாத அளவுக்குப் பழைய விதிகளே தொடரும் என்பதுதான் ஏற்பாடு. குமரி மாவட்டத்தில் இந்தத் தொகுப்பின் பலனை விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் முந்திரி ஆலைகளில்தான் அளந்து பார்க்க வேண்டும். கூலி குறைவு என்று கொல்லத்து முதலாளிகள் எல்லை தாண்டி வந்து தொடங்கிய ‘அண்டி ஆபீசுகள்’ இன்றும் பெண்களின் கைகளால்தான் ஓடுகின்றன.

தொகுப்பில் வரவேற்கத்தக்கவை உண்டு. பாதுகாப்பு அலுவலருக்கான வரம்பு 1,000 தொழிலாளர்களிலிருந்து 500 ஆகவும், அபாயகரமான செயல்முறைகளில் 250 ஆகவும் இறங்கியிருக்கிறது. விதிமீறலால் உயிரிழப்பு நேர்ந்தால், விதிக்கப்படும் அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைக் குடும்பத்துக்கு வழங்க நீதிமன்றம் உத்தரவிடலாம்.

சிக்கல் ‘தொழிற்சாலை’ என்பதன் வரம்பில் இருக்கிறது. மின்விசையோடு 10 பேர், மின்விசை இல்லாமல் 20 பேர் என்றிருந்தது, இப்போது 20 ஆகவும் 40 ஆகவும் இரட்டிப்பாகியிருக்கிறது. பத்துப் பேர் உள்ள இடம் ‘நிறுவனம்’ என்ற வகையில் பொதுக் கடமைகளுக்கு உட்படும் என்பது உண்மை. ஆனால் வரைபட ஒப்புதல், உரிமம், அபாயகரமான பணிகளுக்கான தனி விதிகள் ஆகியவை தொழிற்சாலைக்கு உரியவை. வறுத்த கொட்டையைச் சிறு கொட்டகைகளுக்குப் பிரித்துக் கொடுத்துத் தோடு உடைத்து வாங்கும் தொழிலில் இந்த வரம்பு எந்தப் பக்கம் வேலை செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை.

தோட்டில் உள்ள எண்ணெய் ஆள்கணக்குப் பார்ப்பதில்லை. அதன் பெரும்பகுதி அனகார்டிக் அமிலம், அடுத்தது கார்டால். இரண்டும் தோலைப் பொத்துப்போகச் செய்பவை, ஒவ்வாமையையும் உண்டாக்குபவை. சேராங்கொட்டையும் மாமரமும் இதே குடும்பம்தான். தோட்டு எண்ணெயில் ஒருமுறை ஒவ்வாமை கண்ட உடம்பு பிறகு மாங்காய்ப் பாலையும் தாங்காமல் போகலாம். டிரம்மில் வறுக்கும் முறையில் எண்ணெயின் ஒரு பகுதி எரிந்துபோகும். எஞ்சியதில் அனகார்டிக் அமிலம் சூட்டில் சிதைந்து, வீரியம் குறைந்த கார்டனாலாக மாறும். நீராவியில் அவிக்கும் முறை கண்ணெரிக்கும் புகையைக் குறைத்தது. ஆனால் அந்தச் சூடு அமிலத்தைச் சிதைக்கப் போதாது என்பதால் எண்ணெய் வீரியம் குன்றாமல் தோட்டிலேயே தங்கி, வெட்டுபவரின் கையில் தெறிக்கிறது. புகைக்குத் தீர்வு கண்டவர்கள் கையை மறந்துவிட்டார்கள். அபாயகரமான செயல்முறைகளின் அட்டவணையில் தாவர எண்ணெய் பிழிதல் இருக்கிறது. எனவே தோட்டைப் பிழியும் எக்ஸ்பெல்லர் பிரிவு அதற்குள் வரும் என்று வாதிட இடமுண்டு. அதே எண்ணெயில் நாள் முழுக்கக் கை நனையும் வெட்டும் பிரிவுக்கு அந்த வாதம்கூடக் கிடையாது.

சாம்பலைக் கையில் பூசிக்கொள்வதும் ஆமணக்கெண்ணெய் தடவிக்கொள்வதும் தொழிலாளர்கள் தாங்களாகக் கண்ட தற்காப்பு. கையுறை கொடுத்தாலும் போடுவதில்லை என்று நிர்வாகங்கள் சொல்லும் புகாரில் பாதி உண்மைதான் உண்டு. கையுறை போட்டால் விரல் ஓடாது. கிலோ கணக்கில் கூலி வாங்குபவருக்கு அது நேரடி இழப்பு. கூலி முறையைத் தொடாமல் பாதுகாப்புக் கவசத்தை மட்டும் வாங்கிக் கொடுப்பது பதிவேட்டை நிரப்பத்தான் உதவும். நாளடைவில் விரல் நுனி கறுத்துத் தோல் உரிந்து ரேகை மழுங்குகிறது. அந்த விரலைத்தான் ரேஷன் கடைக் கருவியில் வைக்கச் சொல்கிறார்கள். சமூகப் பாதுகாப்புப் பலன்களைப் பெறவும் ஆதார் கட்டாயம்.

வேதிப்பொருள் நேரடியாகப் படுவதால் வரும் தொடுதோல் அழற்சி, அறிவிக்கை செய்ய வேண்டிய நோய்களின் அட்டவணையில் பல்லாண்டுகளாக இருந்துவருவது. சிகிச்சை தரும் மருத்துவரும் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்காமல் களிம்பு எழுதித் தரும் இடத்தில் அந்தக் கடமை தொடங்குவதே இல்லை. தொகுப்பு அமலானபோது 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவச ஆண்டு மருத்துவப் பரிசோதனை என்று ஒன்றிய அரசு பெருமையாக அறிவித்தது. தோட்டு எண்ணெய் இருபது வயதுப் பெண்ணின் கையை வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களிலேயே புண்ணாக்கிவிடும். அவர் இன்னும் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த அறிவிப்பின் பொருள். கணினி தேர்ந்து அனுப்பும் ஆய்வாளர் பதிவில் உள்ள ஆலைக்குத்தான் போவார். பதிவில் இல்லாத கொட்டகை அவர் கண்ணில் படுவது எப்படி?

மாநில அரசு கைகட்டி நிற்கத் தேவையில்லை. பழைய சட்டத்தின் 85-ஆம் பிரிவைப் போல, வரம்புக்குக் கீழே உள்ள இடங்களுக்கும் சட்டத்தை நீட்டிக்கும் அதிகாரம் தொகுப்பிலும் அதனிடம் இருக்கிறது. 2023-இல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கான திருத்தத்தைச் சில நாட்களில் நிறைவேற்றவும், எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறவும் முடிந்த அரசுக்கு, ஓர் அறிவிக்கை வெளியிடுவது பெரிய காரியமல்ல. ஆள் எண்ணிக்கை எதுவானாலும் தோடு உடைக்கும் இடம் அனைத்தும் அதில் அடங்க வேண்டும். வேலையில் சேரும்போதும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், வயது பாராமல் தோல் பரிசோதனை வேண்டும். முந்திரித் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியில், கிலோ வீதத்தைக் கையுறை அணிந்த கையின் வேகத்தை வைத்தே நிர்ணயிக்க வேண்டும்.