துவர்ப்பு காணத்தோட குத்தம் இல்லை

"அண்ணாச்சி, நீங்க அனுப்பின கொள்ளு துவர்க்குதே, பழைய சரக்கா?" போன வாரம் சென்னையிலிருந்து ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டார். நீங்க சொல்ற கொள்ளு, மணப்பாடு பக்கம் எங்களுக்குக் காணம். பழசு இல்லீங்க, இந்தத் தையில் அடிச்சதுதான். துவர்ப்பு சரக்கோட கோளாறு இல்லை. அது விதையோட கவசம்.

காணத்தின் மேல்தோலில் டானின் இருக்கு. அது எச்சிலில் இருக்கிற புரதத்தைப் பிடிச்சுக்கும், உடனே வாய் வறண்டு இழுக்கும். அதுதான் துவர்ப்பு. பொதுவா தோல் கறுத்த, சிவந்த பயறுகளில் இது கூடுதல், வெளுத்ததில் குறைவு. வேகும்போது நுரை கட்டுறது சப்போனினால, அது லேசாக் கசக்கும். ஓடி ஒளிய முடியாத செடி, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிரா வெச்சிருக்கிற ஆயுதம் இதெல்லாம்.

"அப்போ துவர்க்காத ரகமாப் போடுங்களேன்"னு சுலபமாச் சொல்லிடுறீங்க. லூபின்னு ஒரு பயறு, கடுங்கசப்பு. 1920களின் கடைசியில் ஜெர்மனியில் செங்புஷ் என்ற விஞ்ஞானி கசப்பு குறைஞ்ச செடிகளைத் தேடிப் பிரிச்செடுத்தார். மனுஷனுக்கு ருசியாச்சு, கூடவே அசுவினிக்கும் முயலுக்கும் ருசியாப் போச்சு. கவசத்தைக் கழற்றினா காவலுக்கு வேற ஆள் வேணும். இப்போ அந்த ஆள் பெரும்பாலும் மருந்து டப்பாதான். மருந்தில்லாம விளைஞ்சது வேணும், துவர்ப்பும் கூடாதுன்னா எப்படி?

அதுக்காக, இயற்கைன்னாலே நல்லதுன்னு எந்த விதையையும் பச்சையா மெல்லுறவங்க கட்சியும் நான் இல்லை. திருநெல்வேலி மலையில் காணிக்காரர்கள் பூனைக்காலி விதையைத் தண்ணி மாத்தி மாத்திப் பலமுறை அவிச்ச பிறகுதான் சாப்பிடுவாங்க. அதில் இருக்கிற எல்-டோபா, பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற மருந்துப் பொருள். அளவு மீறினா குமட்டும், வாந்தி வரும். கொட்டின தண்ணியில் அவங்க அறிவு இருக்கு.

நம்ம காணத்துக்கு அவ்வளவு பாடு வேண்டாம். ராத்திரி ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில் அவியுங்க. துவையலுக்குன்னா வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, வத்தல், தேங்காய், பூண்டு, புளி வெச்சு அரைங்க. அப்புறமும் கொஞ்சம் துவர்ப்பு மிஞ்சும். அதுதான் காணத்தோட ருசி.

அடுக்களையில் ஒரு தண்ணி மாத்துற வேலை மிச்சமாகணும்னு, தன்னைத் தானே காத்துக்கிற ஒரு பயறைப் புஞ்சையை விட்டு விரட்டாதீங்க.