கருத்தரங்க மேடையும் கிணற்று நீரும்

பல்கலைக்கழகக் கருத்தரங்கு என்றால் நம் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, ஆய்வுக்கோவை வெளியீடு என முற்பகல் இனிதே கழியும். தேநீருக்குப் பின் ஆளுக்குப் பத்து நிமிடம். எட்டாம் நிமிடத்தில் மணி ஒலிக்கும். மாலையில் சான்றிதழும் கையுமாய் ஊர் திரும்புவோம். இதனைக் குறையாகச் சொல்ல வரவில்லை. அந்த மணியோசைக்கு அஞ்சி முடிவுரையை விழுங்கிவிட்டு மேடையிறங்கியவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழகம் ஒன்றில் சுற்றுச்சூழலும் நீடித்த வளர்ச்சியும் என்னும் பொருளில் இரண்டு நாள் கருத்தரங்கு நடைபெற்றது. சங்க இலக்கியத்தில் திணையும் இயற்கையும் குறித்து நானும் ஒரு கட்டுரை படித்தேன். ஓசோன் படலம் பேசப்பட்டது. துருவப் பனி உருகுதல் பேசப்பட்டது. அமேசான் காடுகளுக்காக மனமுருகிப் பேசினார் ஓர் அறிஞர். எங்கள் அனைவர் முன்னும் நெகிழிப் புட்டிகளில் விலைக்கு வாங்கிய குடிநீர் வைக்கப்பட்டிருந்தது. அந்த அரங்கிலிருந்து பாலாறு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில்தான் இருந்தது. ஆயினும் இரண்டு நாளில் ஒருவர் நாவிலேனும் பாலாறு என்ற சொல் வரவில்லை. என் நாவிலும் வரவில்லை.

இதில் உள்ள வேடிக்கை யாதெனில், அக்கருத்தரங்கின் தலைப்பில் இருந்த 'நீடித்த வளர்ச்சி' என்னும் தொடர் இந்தியச் சட்டத்திற்குள் அழுத்தமாகக் காலூன்றியதே நம் பாலாற்றின் வழியாகத்தான். வேலூர் மக்கள் நல மன்றம் 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனுவைத் தாக்கல் செய்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுக்கிறது என்பதே அதன் முறையீடு. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கேடு விளையும் என்று தெரிந்தால் முழுச் சான்றும் கிடைக்கும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அத்தீர்ப்பு அறிவித்தது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் பயிலும் மாணவர் எவரும் வேலூரின் பெயரைப் படிக்காமல் தேர்வு எழுத இயலாது. வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் பயிலும் நம் மாணவர்களுள் எத்தனை பேர் இதனைக் கேள்வியுற்றிருப்பர் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அத்தீர்ப்பில் சில கணக்குகள் எடுத்துக்காட்டப்பட்டுள்ளன. தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்பது வேலூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணிப்பு. திண்டுக்கல் பக்கத்தில் 13 சிற்றூர்களில் ஆராய்ந்தபோது 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. ஐந்து மாவட்டங்களில் இருந்த ஆலைகள் ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் செலுத்த ஆணையிடப்பட்டது. இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம் அமைந்தது. அவ்வாணையம் 2001-இல் 29,193 பேருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குப் பத்தாயிரம்கூட வரவில்லை. ஒரு குடும்பத்தின் கிணற்றுக்கும் நிலத்துக்கும் அதுதான் விலை!

இனி நான் சொல்லப்போவது சிலருக்கு மனவருத்தம் தரலாம். இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் சமுதாயப் பெரியோர்களில் தோல் வணிகத்தால் உயர்ந்தவர்கள் பலர். அவர்கள்தம் முன்னோர் ஈட்டிய பொருள்தான் இவ்வட்டாரத்தில் பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் மருத்துவமனைகளாகவும் உருக்கொண்டது. மேல்விசாரத்து வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் அவர்களைப் போன்றோரை நன்றியுடன் நினையாத நாளில்லை. நான் பெறும் ஊதியத்தின் வேரிலும் அத்தொழிலின் ஈரம் இருக்கிறது. அதனால்தான் இதனை வெளியார் மேடையில் பேசாமல் நம் வீட்டு மலரிலேயே எழுதுகிறேன்.

பழி முழுவதையும் ஒரு சமுதாயத்தின் தலையில் ஏற்றுவது நேர்மையன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. 1970-களில், பதப்படுத்தாத தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதற்கு நடுவணரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாகப் பதனிட்ட தோலுக்கு ஊக்கமளித்தது. அந்நியச் செலாவணி பெருகியது, வேலைவாய்ப்பும் பெருகியது. கூடவே குரோமியமும் பிற வேதிப்பொருள்களும் பெருகின. மேலைநாட்டார் தம் ஆற்றங்கரைகளில் வேண்டாமென்று ஒதுக்கிய அழுக்கான வேலையை நாம் ஏற்றுக்கொண்டோம்; அவர்களுக்குக் காலணி போயிற்று, நமக்குக் கழிவுநீர் நின்றது. பாலாறு வற்றியதற்கோ வேறு காரணங்களும் உண்டு. மேலே கருநாடகத்திலும் ஆந்திரத்திலும் கட்டிய அணைகளும், நம் பக்கத்து மணற்கொள்ளையும், நகரங்களின் சாக்கடையும் அதில் பங்குடையன. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றைச் சொல்லிச் சொல்லியே நம் பங்கைப் பேசாமல் விட்டுவிட்டோம் என்பதும் உண்மை.

சுற்றுச்சூழல் கல்வி எல்லா மாணவருக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதன் பயனாகப் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை வகுப்புகளுக்கென ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை 2003-ஆம் ஆண்டளவில் வகுத்தளித்தது. ஐம்பது வகுப்பு நேரம் கொண்ட அத்திட்டத்தின் இறுதி அலகு களப்பணி. அருகிலுள்ள மாசுபட்ட இடம் ஒன்றினை மாணவர் நேரில் சென்று காண வேண்டும் என்பது அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அதற்கு 25 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டிருந்தது. கல்லூரிகளில் அவ்வகுப்பு எந்தத் துறைக்கு நேரம் மிஞ்சுகிறதோ அத்துறையின் தலையில் விழும். அப்படி ஓராண்டு என் தலையில் விழுந்தது.

ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து பயின்ற மாணவி ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, எங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றியே களப்பணி எழுதட்டுமா?" என்று கேட்டார். நான் சற்றே தயங்கினேன். கல்லூரி நிருவாகத்தில் உள்ளவர்களின் முகங்கள் என் மனக்கண்ணில் வந்து நின்றன. "அது வம்பம்மா. ஏலகிரி மலை மரங்களைப் பற்றி எழுது, நல்ல மதிப்பெண் வரும்" என்றேன். அவர் மறுப்பேதும் சொல்லாமல், "எங்கள் பாட்டி, இந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்கிறார், ஐயா. அது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்" என்று கூறிச் சென்றார். ஏலகிரியைப் பற்றி அழகாகவே எழுதிக் கொடுத்தார். நானும் நல்ல மதிப்பெண்ணே இட்டேன். எவர் ஆணையும் இல்லாமல் நானாகவே செய்த தவறு அது. நிருவாகத்தார் எவரும் என்னை அன்று தடுக்கவில்லை. தடுப்பார்கள் என்று நானே கற்பித்துக்கொண்டேன்.

பருப்பு ஏன் வேகவில்லை? பின்னர் வேதியியல் துறை நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்தால் அவை பருப்பின் உயிரணுச் சுவரில் உள்ள பெக்டின் என்னும் பொருளோடு பிணைந்து அதனை இறுக்கிவிடுகின்றன. எவ்வளவு கொதித்தாலும் அது குழைவதில்லை. எல்லா உவர்நீரும் ஆலையால் வந்ததன்று. சில இடங்களில் பாறையே உவர். ஆகவே அந்தப் பாட்டியின் கிணற்றில் இருந்தது பாறையின் உப்பா ஆலையின் உப்பா என்பதை அளந்தால்தான் அறியலாம். அந்த அளவையைத்தான் நான் தடுத்துவிட்டேன்.

ஆலை உப்பின் கதையும் அறியத்தக்கது. தோல் அழுகாதிருக்க, உரித்தவுடன் அதன் எடையில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு அளவுக்குச் சாதாரண உப்பைத் தடவுகிறார்கள். ஆலையில் ஊறவைக்கும்போது அவ்வுப்பு கரைந்து வெளியேறுகிறது. பின்னர்ச் சுண்ணாம்பும் சல்பைடும் இட்டு மயிரை நீக்குகிறார்கள். குரோமிய உப்பிட்டுப் பதனிடும்போது தோல் ஏற்காத எச்சம் நீரோடு போகிறது. குரோமியத்தைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்த வழியுண்டு. அழுகும் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். உப்பை மட்டும் எந்த நுண்ணுயிரும் தின்னாது. சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டி, எஞ்சியதைக் காய்ச்சி வற்றச் செய்தால் நீர் திரும்பக் கிடைக்கும். உப்பு மலைபோல் குவியும். அக்குவியலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நம் கருத்தரங்குகளில் எழ வேண்டிய வினா இதுதான். நிலத்தில் விடத்தக்க கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. குடிநீருக்கு 500 என்பது ஏற்புடைய அளவு. இவ்விரண்டு எண்களும் நம் ஒவ்வொரு மாணவருக்கும் மனப்பாடமாகியிருக்க வேண்டும்.

பேசாமல் விட்டவற்றின் விளைவு எங்கே போய் முடியும் என்பதை 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை காட்டிற்று. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலுள்ள ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்து தொழிலாளர் கசடில் மூழ்கி மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த ஆண்டிலும் எத்தனையோ கருத்தரங்குகள் நடந்தன.

1991-இல் தொடுத்த வழக்கின் தொடர்ச்சி 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று. விடுபட்டோருக்கு அரசே இழப்பீடு வழங்கி, அதனை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றைச் சீர்செய்ய வேண்டும் என்பது ஆணை. இடையில் முப்பத்து நான்கு ஆண்டுகள்! வேலூர் மாவட்டமே 2019-இல் மூன்றாகிவிட்டது. மனு எழுதிய காலத்தில் பிறந்த குழந்தைகள் இன்று கல்லூரியில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள்.

கருத்தரங்கே வேண்டாம் என்பது என் கருத்தன்று. மேடையை ஆற்றுக்குச் சற்று அருகில் போடுங்கள் என்பதே என் விண்ணப்பம். நீரில் கரைந்த உப்பை அளக்கும் கையடக்கக் கருவியின் விலை ஒரு பொன்னாடையின் விலையை விடப் பெரிதாக மிகுந்துவிடாது. மாணவர்கள் தத்தம் ஊர்க் கிணற்றை மழைக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும் அளந்து ஏட்டில் குறித்து வரட்டும். பத்தாண்டு சேர்ந்தால் அது எந்த ஆய்வுக்கோவைக்கும் இணையான ஆவணமாகும். அதை வைத்துக்கொண்டு, அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்து அறிவியலாளர், ஓர் ஆலை உரிமையாளர், நிலமிழந்த ஓர் உழவர், ஆலையில் பணிபுரியும் ஒரு தொழிலாளி ஆகிய நால்வரையும் ஒரே மேடையில் அமர்த்த வேண்டும். மணி அடிக்கக் கூடாது.

அக்கருத்தரங்கு தமிழில் நடைபெற வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். மொழிப்பற்றினால் மட்டும் இதனைச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் நடந்தால் அந்த உழவரும் தொழிலாளியும் வாயிலிலேயே நின்றுவிடுவார்கள். கலைச்சொல் இல்லையே என்று அறிவியல் துறையினர் கேட்பர். அதற்குத்தானே தமிழ்த்துறை இருக்கிறது! நீர் எடுக்கப் பயன்பட்ட ஊற்றுக்கால், ஏற்றம், கவலை போன்ற சொற்களையும், பழைய பதனிடு குழிகளில் வழங்கிய சொற்களையும் முதியோர் வாய்மொழியாகவே இன்னும் திரட்டலாம். சங்கத் திணைகளைப் பற்றி என் கட்டுரையில் பதினைந்து பக்கம் எழுதிய நான், மருதம் எங்கே உவர்நிலமாயிற்று என்று ஒரு வரி எழுதவில்லை.

ஓடும் ஆற்றின் கரையில் இருந்து உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று நமக்குச் சிறுவயதிலேயே கற்பித்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தைப் படித்த சமுதாயத்திடம் கேட்பதற்கு எனக்குத் தயக்கம் வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆகவே ஆலை நடத்தும் பெரியோர்களிடம் ஒன்று கேட்கிறேன். வரும் கல்வியாண்டில் நம் மாணவர்கள் முப்பது பேர் தங்கள் ஆலைக்கு வர அனுமதி தாருங்கள். ஊறவைக்கும் தொட்டி முதல் கழிவுநீர் வெளியேறும் குழாய் வரை அவர்கள் பார்க்கட்டும், கேட்கட்டும், அளக்கட்டும். நல்லபடி நடத்துவோருக்கு அதில் மறைக்க ஒன்றுமில்லை. அவர்கள் செய்த செலவும் பட்ட பாடும் வெளியே தெரியவும் அதுவே வழி. முதல் தொகுதி மாணவர்களை அழைத்துவரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். ஏலகிரியை எழுதிய அந்த மாணவி இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். அவரையும் உடன் வரும்படி கேட்டிருக்கிறேன். தம் வீட்டுக் கிணற்று நீர் ஒரு புட்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.