பிள்ளையின் தேதியைப் பார்த்தீர்களா?

ஆடித் தபசுக்கு வந்திருந்த என் தங்கை மகள், கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டே ஒரு சங்கதி சொன்னாள். அவள் வீட்டுக்காரருக்கு அமெரிக்காவில் ஹெச்-1பி வேலை. முதலில் 3 வருஷம், நீட்டித்தால் பொதுவாக 6 வரை. மனைவி, மகனுக்கு ஹெச்-4.

"விசா இன்னும் 2 வருஷம் இருக்குல்லா பெரியம்மா, அந்தத் தைரியத்துல இருந்துட்டேன்."

விசா உள்ளே நுழையத்தான். எதுவரை தங்கலாம் என்பது ஐ-94 என்ற பதிவில் இருக்கும். பாஸ்போர்ட் முன்னதாக முடிந்தால் அந்தத் தேதியோடு அதையும் நிறுத்திவிடுவதுண்டு. நம் குழந்தைகள் பாஸ்போர்ட்டோ 5 வருஷத்துக்குத்தான்! பெற்றவர்களுக்கு ஒரு தேதி, பிள்ளைக்கு வேறு தேதி. முன்பு பாஸ்போர்ட்டிலேயே அட்டையாக இருக்கும்; 2013 முதல் விமானத்தில் போகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில்தான். யார் தேடிப் பார்க்கிறோம்?

பன்னிரண்டு நாள் இருக்கையில் கண்ணில் பட்டதாம். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் மட்டும் ஐ-94 தானாக நீளாது. ஓடிப்போய் ஐ-539 மனுப் போட்டார்கள். "ராத்திரி தூக்கமே இல்ல பெரியம்மா."

பெரியவர்கள் 180 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கிவிட்டு வெளியேறினால் 3 வருஷம் திரும்ப நுழைய முடியாது. ஆகவே சகோதரிகளே, பிள்ளையின் பாஸ்போர்ட்டைப் புறப்படுமுன்பே புதுப்பியுங்கள். விசா பழையதில் இருந்தால் இரண்டையும் எடுத்துப் போங்கள். போய் இறங்கியதும் ஆளுக்கொரு ஐ-94 எடுத்துப் பாருங்கள்.

இப்போது அவள் வீட்டுப் பீரோக் கதவின் உள்பக்கம் மூன்று பேர் தேதியும் ஒட்டியிருக்கிறதாம்.