இலவச சிகிச்சைக்கும் பொறுப்பு உண்டு

2016-ல் மேட்டூர் அரசு மருத்துவமனையில் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் கிருமித்தொற்றால் பார்வை இழந்தனர். கொளத்தூர், மேச்சேரி, நங்கவள்ளி வட்டாரத்து முதியவர்களுக்குக் கண் தெரிய வேண்டுமென்றால், கையில் காசில்லாத நிலையில், அரசு மருத்துவமனைதான் கதி. பாதிக்கப்பட்டோரின் இழப்பீட்டுப் பிரச்சினை சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பணம் கட்டி வைத்தியம் பார்த்தவருக்குச் சட்டம் ஓரளவு நேரான வழியைக் காட்டுகிறது. அரசை நம்பிப் போனவருக்கோ அந்த வழி நீளமாகவும் கரடுமுரடாகவும் இருக்கிறது. தடுத்திருக்கக்கூடிய அறுவைப் பிழைகளில் பாதிக்கப்படுவோருக்கு, அவர்கள் நீதிமன்றப் படியேறாமலே இழப்பீடு கிடைக்கும் ஏற்பாட்டை அரசே செய்ய வேண்டும்.

ஒரே ஒரு நோயாளிக்குத் தொற்று வந்தால், எவ்வளவு கவனமாக இருந்தாலும் இப்படி நேர்வதுண்டு என்று ஒரு மருத்துவர் சொல்வதை ஏற்கலாம். ஒரே அரங்கில் அடுத்தடுத்து அறுவை செய்துகொண்ட பலருக்கும் தொற்று வந்தால் அந்தச் சமாதானம் எடுபடாது. கண்ணைக் கழுவப் பயன்படுத்திய திரவம், கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ், அரங்கின் தூய்மை என ஏதோ ஒரு பொதுவான இடத்தில் ஓட்டை இருந்திருக்க வேண்டும். 2008-ல் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கண் முகாம் வழியாக அறுவை செய்துகொண்ட அறுபதுக்கும் மேற்பட்டோர் பார்வை இழந்தார்கள். 2014-ல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் கருத்தடை முகாமுக்குப் பின் 13 பெண்கள் இறந்தார்கள். கை தவறினால் ஒருவர் பாதிக்கப்படுவார். முறை தவறினால் வரிசையாகப் பாதிக்கப்படுவார்கள். ஆனால் நம்முடைய வழக்கமான நடவடிக்கை, ஓரிருவரைப் பணியிடை நீக்கம் செய்வதோடு நின்றுவிடுகிறது. அப்படிச் செய்ததும் கோபம் தணிகிறது. ஆட்டோகிளேவை யார் சோதித்தார்கள், எந்தப் பதிவேட்டில் எழுதினார்கள் என்ற கேள்வி பதிலில்லாமல் போகிறது.

முறையைச் சரிசெய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 அம்சங்கள் கொண்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அரங்கைவிட்டுப் போவதற்கு முன் என மூன்று கட்டங்களில் குழுவினர் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். புது டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் இதே பட்டியலைக் கட்டாயமாக்கியபோது குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை என்று 2014-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஆக, காகிதத்தில் டிக் அடிப்பது மட்டும் உயிரைக் காக்காது. தவறு நேர்ந்தால் கணக்குக் கேட்கப்படும் என்ற நிலை இருந்தால்தான் பட்டியல் உண்மையாகக் கடைப்பிடிக்கப்படும்.

கணக்குக் கேட்கும் இடத்தில்தான் ஏழைக்குச் சிக்கல். 1995-ல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி.சாந்தா வழக்கில், மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனைகள் அதில் விலக்கப்பட்டன. பதிவுக்காகச் சிறு தொகை வாங்கினாலும் நிலை மாறாது. அப்படிப்பட்ட மருத்துவமனையில் பாதிக்கப்பட்டவருக்கு எஞ்சுவது உரிமையியல் வழக்கும் உயர் நீதிமன்ற ரிட் மனுவும்தான். 1963-ல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் கருத்தடை அறுவையின்போது ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள்; அவர் இறந்தார். அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 1996-ல். அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது 36,000 ரூபாய்; காத்திருந்தது 33 ஆண்டுகள்.

இழப்பீட்டைக் கட்டாயமாக்கினால் மருத்துவர்கள் சிக்கலான அறுவையைத் தொடவே அஞ்சுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். அந்த அச்சம் நியாயமானதே. அதனால்தான் மருத்துவர்மீது குற்ற வழக்குத் தொடர மிகக் கடுமையான அலட்சியம் தெரிய வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-ல் வரம்பு கட்டியது. அந்த வரம்பு அப்படியே இருக்கட்டும். இங்கே கேட்பது மருத்துவரின் சட்டைப் பையிலிருந்து பணத்தை அல்ல, அரசின் நிதியிலிருந்து. யார் குற்றவாளி என்று தேடாமல் இழப்பீடு தரும் முறை நியூசிலாந்தில் 1974 முதல் இருக்கிறது. அரசு இதைத் தாங்குமா என்போருக்கு நம் நாட்டிலேயே பதில் உண்டு. கருத்தடை அறுவையில் இறப்போ, சிக்கலோ, தோல்வியோ நேர்ந்தால் நிர்ணயித்த தொகை தரும் திட்டம், உச்ச நீதிமன்றத்தின் 2005 உத்தரவைத் தொடர்ந்து நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்த அரசு அழைத்தபோது வந்தவருக்குத் தரும் இழப்பீட்டை, பார்வையின்மையை ஒழிக்க அரசு அழைத்தபோது வந்தவருக்கு மறுக்க என்ன காரணம் இருக்கிறது?

இப்போதைக்கு நோயாளிகள் செய்யக்கூடியவையும் உண்டு. உள்நோயாளியின் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. எனவே டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிற்காமல் கேஸ் ஷீட் நகலையும் எழுத்துமூலம் கேட்டு வாங்க வேண்டும். அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டமும் கைகொடுக்கும். கட்டணம் செலுத்தியவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தாங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடம் முறையிடலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அமர்த்தித் தரும்.

ஆனாலும் பார்வை இழந்த ஒரு முதியவரிடம் இத்தனை கதவுகளையும் தட்டச் சொல்வது அரசின் வேலையை அவர் தலையில் கட்டுவதாகும். அரசு மருத்துவமனைகளில் ஒரே அரங்கில் பலர் பாதிக்கப்பட்டால் சுதந்திரமான விசாரணை, அதன் அறிக்கை பொதுவெளியில், குறித்த காலத்துக்குள் இழப்பீடு என்ற மூன்றையும் தமிழக அரசு உறுதிசெய்ய வேண்டும். இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். ஓர் அரசாணை போதும்.