கண்ணில் படாத மான் ஊரை விட்டுப் போய்விட்டதா?

"வேட்டைக்காரன் வந்துட்டான், மான் எல்லாம் ஆந்திரா பக்கம் ஓடிப்போச்சு." மான் கண்ணில் படாத நாட்களில் எல்லோரும் சொல்லும் காரணம் இது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைச் சுற்றியுள்ள வெளிகளில் கிருஷ்ணமிருகம் என்கிற வெளிமான் மேய்கிறது. 2001-இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின் மைசூர் மைன்ஸ், மாரிக்குப்பம் பக்கம் ஆளரவம் குறைந்துபோன நிலம் ஏராளம். அந்த நிலத்தின் எதிர்காலம் பேசப்படும் இந்த வேளையில், அந்தக் காரணமும் அதோடு சொல்லப்படும் வேறு இரண்டும் சரிதானா என்று பார்ப்பது அவசியம்.

முதல் வாதம்: மான் ஓடிவிட்டது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் வெள்ளைவால் மான்களின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டி ஆராய்ந்தார்கள். வேட்டைக்காலம் நீள நீள வேட்டைக்காரர் கண்ணில் படும் மான்கள் குறைந்தன. ஆனால் அவை தம் எல்லையை விட்டு வெளியேறவில்லை, நடமாட்டத்தைத்தான் குறைத்துக்கொண்டன. நம் வெளிமான் புதரில் பதுங்குவதில்லை. திறந்தவெளியில் ஓடித் தப்பும். துரத்தப்பட்ட மந்தை மனிதனை நெருங்க விடாது, தொலைவிலேயே விலகிக்கொள்ளும். பார்வைக்கு எட்டாத இடம் எல்லாம் ஆந்திரா ஆகிவிடாது.

இரண்டாவது வாதம்: சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். வேட்டையில் மான் குறையும் என்பது உண்மை. ஆனால் சில நாட்களிலேயே மான் தென்படாமல் போவதற்குச் சாவு மட்டும் காரணமாகாது. 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 62 பாலூட்டி இனங்களைப் பற்றிய தகவல்களைத் தொகுத்தது. மனிதத் தொந்தரவு உள்ள இடங்களில் அவற்றின் இரவு நடமாட்டம் சராசரியாக 1.36 மடங்காகக் கூடியிருந்தது. பகலில் தேடுகிறவருக்கு இரவில் நடமாடும் மான் கிடைக்காது.

மூன்றாவது வாதம்: எல்லாம் துப்பாக்கிச் சத்தத்தால். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வெளிமான் முதல் அட்டவணை விலங்கு. அதை வேட்டையாட இங்கே எந்தக் காலத்திலும் அனுமதி இல்லை. திருட்டு வேட்டையில் கண்ணிக்கும் வேட்டை நாய்க்கும் வெடிச்சத்தம் கிடையாது, ஆனாலும் மந்தை மிரளும். பயிரும் மானை மறைக்கும்: கேழ்வரகு கதிர்விட்டு நிற்கும்போது உள்ளே படுத்திருக்கும் பெண்மானைப் பாதையிலிருந்து பார்க்க முடியாது. அறுவடை முடிந்த தரிசில் அதே மான் பளிச்சென்று தெரியும்.

இந்த வாதங்களை நம்புவதால் இரண்டு கேடுகள் விளைகின்றன. உயிரோடு இருக்கும் மானை இல்லை என்று எழுதிவிட்டால், அதன் மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொள்ள யாரும் தயங்கமாட்டார்கள். கண்ணியில் செத்த மானை ஓடிப்போனதாகச் சொன்னால், கண்ணி வைத்தவனை யாரும் தேடமாட்டார்கள்.

ஆண் வெளிமான் தன் எல்லையைக் காட்ட ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். புதுப் புழுக்கை கறுத்து ஈரமாக இருக்கும். பழையது வெளுத்து உதிரும். அந்தக் குவியல்களையும் குளம்புத் தடங்களையும் மாதந்தோறும் ஒரே வழியில் நடந்து வனத்துறை பதிவு செய்ய வேண்டும். இரவுக்குத் தானியங்கிக் கேமராக்கள் வைக்க வேண்டும். அந்தக் கணக்கு கைக்கு வரும்வரை, "இங்கே மான் இல்லை" என்ற பேச்சை வைத்து ஒரு காணி நிலத்தைக்கூட யாருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது.