ஈரல் நோயும் இரத்த வாந்தியும்

வீட்டில் எவருக்கேனும் இரத்த வாந்தி கண்டால், குடும்பத்தார் கலங்குவதும் காரணம் தேடுவதும் இயல்பு. "உடம்புச் சூடு" என்பார் ஒருவர். "குடற்புண்" என்பார் மற்றொருவர். பரியாரியாரை அழைத்து வரச் சொல்வாரும் உளர். இவ்வாறு ஆலோசனையிற் கழியும் நேரமே பல உயிர்களைப் பறித்து விடுகின்றது. மன்னார்த் தீவிலும், பெருநிலத்துக் கரையிலுள்ள விடத்தல்தீவு, சிலாவத்துறை போன்ற ஊர்களிலும் வாழும் வாசகர்கள் இவ்விஷயத்தை அறிந்து வைத்தல் அவசியம். பெரிய வைத்தியசாலைகளுக்குச் செல்லும் வழி நீண்டதாதலின், முதல் மணித்தியாலத்தை இழப்பது இங்கு இரட்டிப்பு நட்டமாகும்.

ஈரல் நோயாளருக்கு வரும் இரத்த வாந்தி ஏனையோருக்கு வருவதினும் கொடியது. காரணத்தைக் கட்டுக்கரைக் குளத்தைக் கொண்டே விளக்கலாம். குளத்திலிருந்து வயலுக்குச் செல்லும் பெரிய வாய்க்கால் அடைபட்டால், நீர் சும்மா நில்லாது. பக்கத்திலுள்ள சிறு வாய்க்கால்களில் ஏறிப் பாயும். அவற்றின் கரை தாங்கும் மட்டுமே நிற்கும். குடலிலும் மண்ணீரலிலும் இருந்து வரும் இரத்தம் வாயில் நாளம் என்னும் பெருங்குழாய் வழியே ஈரலுக்குட் செல்கின்றது. ஈரல் தழும்பேறி இறுகிவிட்டால் அவ்வழி நெருக்கமாகி, உணவுக்குழாயின் அடியிலுள்ள மெல்லிய நாளங்களில் இரத்தம் ஏறுகின்றது. அவை முறுக்கேறிப் பருக்கின்றன. அழுத்தம் பாதரச அளவில் 12 மில்லிமீற்றரைக் கடந்தால், அவை வெடிக்கும் அபாயம் உண்டு. ஈரல் இறுகியோருள் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு இத்தகைய நாளப் புடைப்புகள் காணப்படும். வெடிக்கும் வரை அவை வலிப்பதில்லை. ஆதலால் நோயாளி அறியார்.

'ஈரல் நோயா? அவர் குடிகாரராக இருக்க வேண்டும்' என்று ஊர் சொல்லும். இச்சொல்லுக்கு அஞ்சியே பலர் நோயை மறைக்கின்றனர். கள்ளும் சாராயமும் ஈரலைக் கெடுப்பது உண்மையே. ஆயினும் ஒருபோதும் மதுவைத் தொடாதவருக்கும், நீரிழிவினாலும் உடற் பருமனாலும் ஈரலிற் கொழுப்புப் படிந்து, ஆண்டுகள் செல்ல அது இறுகிவிடுதல் உண்டு. மஞ்சட்காமாலைக் கிருமிகளிற் சிலவும் இதே கேட்டைச் செய்யும். ஆகையால் நோயாளியைக் குற்றவாளியாக்குதல் நீதியுமன்று. அவரை வைத்தியரிடமிருந்து விலக்குவதால் அது ஆபத்துமாகும்.

இரத்த வாந்தி மட்டுமன்றி, தார் போன்று கறுத்து, ஒட்டுந் தன்மையும் கெட்ட நாற்றமும் உள்ள மலமும் அதே செய்தியைச் சொல்லும். இரும்புச் சத்து மாத்திரை எடுப்போருக்கும், கணவாயை அதன் மையுடன் உண்டோருக்கும் மலம் கறுக்கலாம்; ஆனால் தார்போல் ஒட்டுதலும் தலைச்சுற்றும் மயக்கமும் சேர்ந்தால் ஐயம் வேண்டாம். வயிற்றில் நீர் தேங்கியவர், கண் மஞ்சளித்தவர், ஈரல் நோயென முன்னரே சொல்லப்பட்டவர் ஆகியோர் இவ்வடையாளத்தைக் கண்டவுடன் வைத்தியசாலை செல்லல் வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை சிலவே. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்தல். உண்ணவும் குடிக்கவும் ஒன்றும் கொடாதிருத்தல். அவர் உண்ணும் மருந்துகளின் உறைகளை எடுத்துக்கொள்ளல். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தல். இலவசமான இவ்வாம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடமாகாணத்திலும் நடைபெறுகின்றது. மூலிகைக் கஷாயம் இவ்வேளையில் உதவாது. தோணி தள்ளியும் வலை இழுத்தும் வருந்தும் முதுகுக்கு விழுங்கும் வலி மாத்திரைகளுட் பலவும் இரத்தக் கசிவை மிகுவிப்பனவாதலின், ஈரல் நோயுள்ளார் வைத்தியரைக் கேளாது அவற்றைத் தொடலாகாது.

வைத்தியசாலையில் நடப்பதென்ன? முதலில் நாளத்தில் ஊசி ஏற்றி, இரத்தத்தின் தன்மை அறியப்படும். வாயில் நாள அழுத்தத்தைக் குறைக்கும் ஒக்ற்றியோரைட் அல்லது ரேர்லிபிறெசின் என்னும் மருந்து தொடங்கப்படும். தொற்று வருவதைத் தடுக்க உயிர்க்கொல்லி மருந்தும் அன்றே ஏற்றப்படும். இஃது உயிர் காக்கும் முறை என நிறுவப்பட்டது. பின்னர் 12 மணித்தியாலத்துக்குள், எண்டொஸ்கோப்பிக் குழாயை உட்செலுத்தி, புடைத்த நாளத்துக்குச் சிறு இறப்பர் வளையம் மாட்டி இறுக்குவர். அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்ரீக்மன் என்பார் 1980களில் தொடங்கிய முறை இது. இச்சிகிச்சைக்காக யாழ்ப்பாணம் அல்லது அநுராதபுரம் போதனா வைத்தியசாலைக்கு நோயாளியை அனுப்ப நேரலாம். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததால், பூநகரி வழியே யாழ்ப்பாணம் செல்லும் பாதை இப்பொழுது சுருங்கியுள்ளது.

உறவினர் அறியவேண்டிய ஒன்று உண்டு. "இன்னும் இரத்தம் ஏற்றுங்கள்" என்று வைத்தியரை வற்புறுத்துதல் அன்பின் செயலே; அறிவின் செயலன்று. பார்சிலோனாவில் 921 நோயாளரிடம் செய்து 2013இல் வெளியான ஆராய்ச்சியில், ஹீமோகுளோபின் 100 மில்லிலீற்றருக்கு 7 கிராமுக்குக் குறைந்த பின்னரே இரத்தம் ஏற்றப்பட்டவரிடையே, தாராளமாக ஏற்றப்பட்டவரினும் அதிகம் பேர் உயிர் பிழைத்தனர். நிரம்பிய வாய்க்காலில் மேலும் நீர் விடுவது போன்றது அது. அவ்வாறே, இரத்தம் உறைய வைக்கும் ரனெக்சாமிக் அமிலம் இவ்வகைக் கசிவில் உயிர் காப்பதில்லை என்பது 12,009 பேரிடம் செய்து 2020இல் வெளியான சோதனையில் தெளிவாயிற்று.

1950இல் நியூயோர்க்கில் செங்ஸ்ரேக்கனும் பிளேக்மோரும் உணவுக்குழாயினுட் காற்றுப் பை ஊதி இரத்தத்தை நிறுத்தும் குழாயைக் கொணர்ந்தனர். இன்றும் கடைசித் துணையாகச் சில மணித்தியாலங்களுக்கு அது பயன்படும். 1980 அளவில் இவ்வாறு இரத்தம் கசிந்தோருள் நூற்றுக்கு 40 பேர்வரை மாண்டனர். இன்று ஆறு வாரத்துள் 15 முதல் 20 பேர். முன்னேற்றம் உண்மை, அபாயமும் உண்மை.

வீடு திரும்பிய பின் கடமை முடிந்துவிடாது. வளையம் மாட்டுதலைச் சில வார இடைவெளியில் மீண்டும் செய்து, புடைப்புகளை முற்றும் மறையச் செய்தல் வேண்டும். அழுத்தம் தணிய புறப்பிரனலோல் போன்ற மாத்திரையைத் தொடர்தல் வேண்டும். மது அறவே கூடாது. இவற்றைக் கைவிடுவோருட் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளில் மீண்டும் இரத்தம் கசிகின்றது. 'இப்பொழுது சுகமாயிருக்கிறேன்' என்று குறித்த நாளில் செல்லாதிருப்பவரை, தாயோ மனைவியோ மகளோ கைப்பிடித்து அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

இன்னும் இரத்தம் கசியாத ஈரல் நோயாளரும், தமக்கு நாளப் புடைப்பு உண்டா என வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று. பெரும்புடைப்பு முன்னரே தெரிந்தால் மாத்திரையாலோ வளையத்தாலோ காக்க வழியுண்டு. கரை உடையுமுன் வாய்க்காலைப் பார்ப்பவனே நல்ல கமக்காரன்.