பழகவில்லை, குறுகிவிட்டது

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியவள் உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி. சுண்டுவிரல் ஓரம் தோல் உரிந்து நீர் கோத்திருந்தது. விமானப் பணிப்பெண் பயிற்சியில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வகுப்புக்குள் நுழைந்தது முதல் வெளியே வரும் வரை மூன்று அங்குல ஹீல்ஸ் கட்டாயமாம்.

"வலிக்குதுன்னு மேடம்கிட்ட சொன்னேன் அத்தை. ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கோ, அப்புறம் கால் பழகிடும்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

கால் பழகிடும். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷத்துக்கு முன் இதே படியில் உட்கார்ந்து, இதே போலக் காலைப் பிடித்துக்கொண்டு, என் அக்காவும் இதையேதான் சொன்னாள். செருப்புக் கடையில் சொல்கிறார்கள். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வருகிறவர் சொல்கிறார். பெற்ற தாய்மாரே சொல்கிறார்கள். பழகுகிறது என்கிறார்களே, காலுக்குள் என்ன நடந்து பழகுகிறது என்று ஒருவராவது கேட்டதுண்டா?

அக்கா ஒரு நட்சத்திர ஹோட்டலின் வரவேற்பில் பதினேழு வருஷம் நின்றாள். நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மேஜைக்குப் பின்னால் நாற்காலியே கிடையாது. பட்டுப்புடவை, கொண்டை, இரண்டரை அங்குல ஹீல்ஸ், எட்டு மணி நேரம். முதல் மாதம் ராத்திரியெல்லாம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அழுதாள். நான்காவது மாதம் அழுகை நின்றது. ஐந்தாறு வருஷம் போன பிறகு ஒருநாள், "ஹீல்ஸ் போட்டாத்தான்டி எனக்குச் சுகமா இருக்கு, வெறுங்காலோட நடந்தா வலிக்குது" என்றாள். அவளும் பெருமையாகச் சொன்னாள், நாங்களும் பெருமையாகக் கேட்டுக்கொண்டோம். கால் பழகிவிட்டது என்று நம்பினோம்.

அவளுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது வெறுந்தரையில் பாதத்தைப் பதிக்க முடியாது. கட்டிலுக்கு அடியில் குதிகால் உயர்ந்த வீட்டுச் செருப்பு ஒன்று காத்திருக்கிறது. அதைப் போடாமல் குளியலறைக்குக்கூடப் போக மாட்டாள். கோயிலில் பிராகாரம் சுற்றுவதை விட்டு எத்தனையோ வருஷமாயிற்று. கருங்கல் தரையில் பத்தடி வைப்பதற்குள் கெண்டைக்கால் கயிறு முறுக்கினாற்போல இழுக்கும். மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போட்டவள், இப்போது குந்தி உட்கார முயன்றால் குதிகால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது, உடம்பு பின்னால் சாய்கிறது. எலும்பு மருத்துவர் அவள் பாதத்தைக் கையில் பிடித்து மேல்நோக்கி மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. "உங்க கெண்டைக்கால் சதை நீளம் குறைஞ்சுபோச்சும்மா" என்றார்.

பழகுதல் என்று ஊரார் சொல்வது இதைத்தான். குதிகாலைத் தூக்கி வைத்தால் முழங்காலின் பின்பக்கத்துக்கும் குதிகாலுக்கும் உள்ள தூரம் குறைகிறது. இரண்டையும் இணைக்கும் கெண்டைக்கால் சதை தொய்ந்துவிடுகிறது. நாள் முழுக்க, வருஷக்கணக்கில் அப்படியே வைத்திருந்தால், இவ்வளவு நீளம் தேவையில்லை என்று உடம்பு முடிவு செய்து சதை நாரைக் குறுக்கிக்கொள்கிறது. குதிகாலின் பின்னால் கயிறு போல ஓடும் தசைநாண் தடித்து விறைத்துப் போகிறது. முதல் மாதத்து வலி போய்விடுகிறது. பிறகு செருப்பைக் கழற்றினால்தான் வலி. கால் அந்தச் செருப்புக்கு ஏற்ற அளவில் தைக்கப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

இது என் அக்காவின் விதி மட்டும் அல்ல. இங்கிலாந்தின் மான்செஸ்டர் மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகத்தின் மார்கோ நரிசி குழுவினர் 2010-ல் இதை அளந்து வெளியிட்டார்கள். குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஹீல்ஸை, வாரத்தில் ஐந்து நாளாவது, இரண்டு வருஷத்துக்கு மேல் போட்ட பெண்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கெண்டைக்கால் சதை நார், தட்டைச் செருப்புக்காரர்களுடையதைவிடச் சுமார் 13 சதவீதம் குட்டையாக இருந்தது. தசைநாண் தடித்து விறைத்திருந்தது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் செய்து 2012-ல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு நாற்பது மணி நேரம் ஹீல்ஸ் போட்ட பெண்களை வெறுங்காலோடு நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றிய பிறகும் மாறிய நடைதான் வந்தது. 'வீட்டுக்கு வந்து கழற்றிப் போட்டால் சரியாகிவிடும்' என்று ஆறுதல் சொல்கிறவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

நாம் வாசலிலேயே செருப்பை விடுகிறவர்கள். வீட்டில், கோயிலில், பல வீடுகளில் சமையலறையில், பூஜையறையில் வெறுங்கால். குந்தி உட்கார்ந்து கீரை ஆய்கிறோம், கோலம் போடுகிறோம், கிராமத்துக் கழிப்பறைக்குப் போகிறோம். இத்தனைக்கும் குதிகால் தரையில் பதிய வேண்டும், கணுக்கால் மடங்க வேண்டும். படுக்கப் போகும் வரை செருப்போடு திரிகிற சமூகத்தில் இந்தக் குறுக்கம் கொஞ்ச நாள் மறைந்திருக்கலாம். நம்மிடம் மறையவே முடியாது. என் அக்காவிடமிருந்து அந்த ஹீல்ஸ் பறித்தது அழகையோ நடையையோ மட்டும் அல்ல. மார்கழி வாசலைப் பறித்தது, பிராகாரத்தைப் பறித்தது.

அண்ணன் மகளிடம் அந்த மேடம் இன்னொன்றும் சொன்னாராம்: ஹீல்ஸ் போட்டு நடந்தால் கணுக்கால் பலப்படும் என்று. தென்கொரியாவின் ஹன்சியோ பல்கலைக்கழகத்தில் இவளைப் போலவே விமானப் பணிக்குப் படிக்கும் பெண்களை, அங்கும் வகுப்புக்கு ஹீல்ஸ் கட்டாயம் என்பதால், ஆண்டுவாரியாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஆய்வு 2015-ல் வந்தது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பெண்களுக்குக் கணுக்காலின் சில தசைகள் முதலாண்டுப் பெண்களைவிட வலுவாகத்தான் இருந்தன. அந்த மேடம் இதோடு புத்தகத்தை மூடிவிடுவார் போலிருக்கிறது. நான்காம் ஆண்டுக்காரர்களிடம் அந்த வலு சரிந்திருந்தது, தள்ளாடும் பலகையில் சமநிலையோடு நிற்கும் திறனும் குறைந்திருந்தது. அவர்கள் இருபது வயதைச் சற்றே தாண்டிய பெண்கள். என் அக்கா பதினேழு வருஷம் நின்றவள்.

முன்பாதத்துக்கு ஆகும் கேட்டைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. குதிகால் உயர உயர உடம்பின் பாரம் முன்னால் சரிகிறது. கூம்பின முனைக்குள் ஐந்து விரலும் நசுங்குகின்றன. பெருவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து, அதன் அடிமூட்டு வெளியே முண்டாகப் புடைக்கிறது. விரல்கள் கொக்கி போல மடங்குகின்றன. காலாணி வருகிறது, பிளேடால் சீவ, அது மறுபடி வருகிறது. மூன்றாவது நான்காவது விரலுக்கிடையே ஓடும் நரம்பு தடித்து, செருப்புக்குள் எப்போதும் ஒரு கூழாங்கல் கிடப்பது போல உறுத்துகிறது. அக்கா எத்தனையோ தடவை செருப்பைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். கல் இல்லை.

"பென்சில் ஹீல்ஸ்தான் ஆபத்து, அகலமான பிளாக் ஹீல்ஸ் ஒண்ணும் செய்யாது" என்பது அடுத்த நம்பிக்கை. அகலமாக இருந்தால் கால் பிசகாது, உண்மைதான். முழங்காலுக்கு அதனால் என்ன லாபம்? ஹார்வர்டில் இருந்த மருத்துவர் கேசி கெரிகன் 1998-ல் இருபது பெண்களை ஹீல்ஸோடும் வெறுங்காலோடும் நடக்க வைத்து அளந்தார். ஹீல்ஸில் முழங்கால் மூட்டின் மேல் விழும் அழுத்தம் சராசரியாக 23 சதவீதம் கூடியது. 2001-ல் அதே குழு அகலமான ஹீல்ஸை வைத்து அளந்தது. அழுத்தம் குறையவில்லை. இரண்டு ஆய்வுகளும் லான்செட் இதழில் வெளியாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் கடைகளில் இன்றும் பிளாக் ஹீல்ஸை 'கம்ஃபர்ட்' என்று சீட்டு ஒட்டித்தான் விற்கிறார்கள்.

விமான வேலைக்கு இது இல்லாமல் முடியாது என்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. இருக்கைக்கு முன்னால் செருகியிருக்கும் பாதுகாப்பு அட்டையை எடுத்துப் பாருங்கள். அவசரத்தில் சறுக்கிக்கொண்டு இறங்கும்போது ஹீல்ஸைக் கழற்றச் சொல்லிக் குறுக்குக் கோடு போட்ட படம் இருக்கும். அந்த முனை சறுக்குத் துணியைக் கிழித்துவிடும். உயிர் காக்கும் நேரத்தில் கழற்றி எறிய வேண்டிய பொருளை, உயிர் காக்கப் பயிற்சி பெறும் பெண்ணுக்குச் சீருடையாக வைப்பது எந்த ஊர் நியாயம்? 2022-ல் பறக்கத் தொடங்கிய ஆகாசா ஏர், பணிப்பெண்களுக்குக் கால்சட்டையும் ஸ்னீக்கர்ஸும் கொடுத்தது. அதனால் எந்த விமானமும் தரையிலேயே நின்றுவிடவில்லை.

மற்ற ஊர்ப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 2015 டிசம்பரில் லண்டனில், வரவேற்பு வேலைக்குத் தட்டைச் செருப்பில் போன நிக்கோலா தார்ப்பைச் சம்பளம் இல்லாமல் திருப்பி அனுப்பினார்கள். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்திட்டு, 2017-ல் அது நாடாளுமன்ற விவாதம் வரை போனது. அதே 2017-ல் பிலிப்பைன்ஸ் அரசு, உயரமான ஹீல்ஸைக் கட்டாயமாக்கக் கூடாது என்று முதலாளிகளுக்கு உத்தரவு போட்டது. ஜப்பானில் யூமி இஷிகாவா 2019-ல் மனு கொடுத்தபோது, அந்நாட்டுத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் அது சமூகம் ஏற்றுக்கொண்ட வழக்கம் என்ற தொனியில் பேசினார். அவர் ஒரே ஒரு நாள் போட்டு நின்று பார்த்துவிட்டுப் பேசியிருக்க வேண்டும்.

நம்மிடம் உட்காரும் உரிமையே நேற்று வந்ததுதான். கேரளம் 2018-ல் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. அடுத்த முறை ஜவுளிக் கடைக்கோ நகைக் கடைக்கோ போகும்போது, நமக்குப் புடவை பிரித்துப் போடும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு முக்காலியாவது இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த கடைகளில் முக்காலி இருக்கிறது, அதன் மேல் பெட்டி அடுக்கியிருக்கிறது.

இதற்கெல்லாம் அடியில் கிடப்பது பெண்ணின் உயரத்தைக் குறையாகப் பார்க்கும் புத்தி. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது உயரம். மாப்பிள்ளை ஐந்தடி பத்து, பெண் ஐந்தடி ஒன்று, போட்டோவில் நன்றாக இருக்காது என்று வரவேற்பு மேடையில் நான்கு அங்குலத்தில் ஏற்றி நான்கு மணி நேரம் நிறுத்துகிறார்கள். மாப்பிள்ளை பாவம் இரண்டு அங்குலம் குனியட்டுமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை. குதிகால் உயர்ந்த காலணி ஆண்களிடமிருந்து வந்த பொருள். பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமலிருக்கப் போட்டார்கள். பிரான்ஸின் பதினான்காம் லூயி சிவப்புக் குதிகாலோடு ஓவியத்துக்கு நின்றார். ஆண்கள் அதைக் கழற்றி இறங்கிவிட்டார்கள். நம் பெண்களிடம் பழகிக்கொள் என்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் மகளைக் கூடத்துக்கு நடுவில் வெறுங்காலோடு நிற்க வைத்தேன். "ரெண்டு பாதமும் முழுசாத் தரையில பதியிற மாதிரி குந்தி உட்காரு பார்க்கலாம்" என்றேன். எதற்கென்று புரியாமல் உட்கார்ந்தாள். குதிகால் இரண்டும் தரையில் பதிந்திருந்தன, பிளாஸ்திரியோடு. நாற்காலியில் இருந்த அக்கா சட்டென்று எழுந்து வந்து, குனிய முடியாமல் குனிந்து, அந்தக் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

"மாசா மாசம் இங்க வந்து என் முன்னால இப்படி உட்காரணும். விரல் நுழையிற அன்னிக்கு அந்தப் படிப்பை விட்டுடணும்" என்றாள்.

"படிப்பு முடிய இன்னும் பதினோரு மாசம் இருக்கே பெரியத்தை" என்றாள் அவள்.